சொட்டினால் எழுந்துவிடுவார்

எங்கேயாவது குழாய் சொட்டும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. குழாயைச் சரியாக மூடாமல் போனவன் மேல் வர வேண்டிய எரிச்சல், நேராக அவர் மேல் போய் விழுகிறது. அவருக்குப் பக்கத்துக் கடையில் அத்தனை வருடம் உட்கார்ந்து பிழைத்தவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

திண்டுக்கல்லில் வேடசந்தூர் ரோடு பிரிகிற இடத்தில் ஒரு புளியமரம். மரத்துக்கு இந்தப் பக்கம் என் கடை, அந்தப் பக்கம் அவர் கடை, எதிரே ஒரு டீக்கடை. கார், பஸ், லாரி எதுவானாலும் அதன் ரேடியேட்டரைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்து, அந்த ஓட்டையில் ஈயம் வைத்துப் பற்றவைப்பது என் தொழில். அதே ரேடியேட்டரைக் கழற்றாமல், ஓட்டை எங்கே என்று தேடாமல், மூடியைத் திறந்து ஒரு மருந்தை ஊற்றி ஒழுகலை நிறுத்துவது அவர் தொழில். யாராவது வேண்டுமென்றே என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள நினைத்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக ஓர் ஆளைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காரவைத்திருக்க முடியாது.

ஆள் நல்ல உயரம். உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதுக்கு வந்துவிடும். குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டுக்காரக் குடும்பம். மழையை நம்பி இருக்க முடியாமல் டவுனுக்கு வந்தவர். சட்டைப் பையில் மற்றவர்கள் பீடிக்கட்டு வைத்திருந்த காலத்தில் அவர் கொஞ்சம் சணல் நூல், ஒரு துண்டு சவுக்காரம், ஒரு மெழுகு உருண்டை வைத்திருப்பார். டீக்கடையில் எலெக்‌ஷன் பேச்சு சூடாகப் போய்க்கொண்டிருக்கும். அவர்தான் பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று நிறுத்தி, தலையைச் சாய்த்து, "இருங்கப்பா" என்பார். எழுந்து போய் பாய்லர் குழாயில் சணலைச் சுற்றிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவார். அந்தச் சொட்டு எங்கள் யார் காதிலும் விழுந்திருக்காது.

எது ஒழுகினாலும் அவரால் பொறுக்க முடியாது. இதை நான் குணம் என்று சொல்ல மாட்டேன். குணமாக இருந்தால் ஒரு நாளாவது லீவு விட்டிருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு முனிசிபாலிட்டிக் குழாய் இருந்தது. தண்ணீர் வருகிற நேரம் போக மற்ற நேரத்தில் அது சொட்டிக்கொண்டே இருக்கும். பெண்கள் முறை வைத்துக்கொண்டு அதன் அடியில் குடத்தை வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். மத்தியானம் வந்தால் ஒரு குடம் சேர்ந்திருக்கும். இவர் ஒரு நாள் காலையில் அந்த வழியாகப் போயிருக்கிறார். சொட்டுகிறது. உடனே சணலைச் சுற்றி, மெழுகைத் தேய்த்து, பல்லைக் கடித்து முறுக்கி நிறுத்திவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு கடைக்கு வந்துவிட்டார். மத்தியானம் நாலைந்து பெண்கள் காலிக் குடத்தோடு கடை வாசலில் வந்து நின்றார்கள்.

"ஏன்யா, சொட்டட்டும்னுதானய்யா குடத்த வச்சிட்டுப் போனோம்?"

"இல்ல தாயி, ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. வீணாப் போகுதேன்னு…"

"குடத்துக்குள்ளதானய்யா ஒழுகுச்சு!"

அப்போதும் தான் செய்தது தப்பு என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. அந்தப் பெண்கள் குழாயைத் திருகித் திருகிப் பழையபடி சொட்டவைத்தபோது, பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது மதினி அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னவோ செய்துகொண்டிருந்தார். பிறகு வெளியே வந்து சொன்னார்: "வெங்காயம் உரிக்கிறேன் தம்பி. இந்த மனுசன் முன்னால உரிக்க முடியல. கண்ணுல தண்ணி வந்தாப் போதும், தட்டப் பிடுங்கிட்டுப் போயிருதாரு. நான் எப்பத்தான் வெஞ்சனம் வைக்கிறது?"

தெருப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரிந்துபோயிற்று. கடலை மிட்டாய் வேண்டுமென்றால் அவர் கடைக்கு முன்னால் வந்து உதட்டைப் பிதுக்கினால் போதும். எச்சிலைத் தொட்டுக் கண்ணுக்குக் கீழே தடவிக்கொண்டு வருகிற பயல்களும் உண்டு. ஏன் அழுகிறாய் என்று ஒரு பயலைக்கூட அவர் கேட்டதில்லை. மிட்டாய்தான். வாய் மூடியதும் "ம்ம், சரியாப் போச்சு" என்று கையைத் தட்டிக்கொள்வார்.

அந்த மருந்துக் கதையைச் சொல்ல வேண்டும். அவர் முன்பு பேகம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவை கொடைரோடு ஸ்டேஷனுக்குச் சரக்கு ஏற்றப் போனபோது, மலையிலிருந்து இறங்கிய ஒரு பெரிய கார் ஆவி விட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. ரேடியேட்டர் ஒழுகல். அந்த டிரைவர் பதறவே இல்லையாம். ஒரு சீமை மருந்துப் பாட்டிலைத் திறந்து உள்ளே ஊற்றி, தண்ணீர் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டாராம். டிரைவர் திரும்பி வருவதற்குள் ஒழுகல் நின்றுவிட்டது. இதை எங்களிடம் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தணிந்துவிடும்.

"வெளிய ஒரு கை படலப்பா. உள்ள போச்சு, அதுவா ஓட்டையத் தேடிப் போய் உக்காந்துக்கிருச்சு. ஓட்டை எங்கன்னு நமக்குத் தெரிய வேண்டியதே இல்ல!"

அவருக்குப் பிடித்ததே அந்தக் கடைசி விஷயம்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

அந்தச் சீமை மருந்து இங்கே கிடைப்பது கஷ்டமாக இருந்தது. மதுரையில் தேடினார், மெட்ராஸுக்குச் சொல்லிவிட்டார். பிறகு தானே தயாரிக்க உட்கார்ந்தார். தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரில்தான் தோலைப் பதப்படுத்துவார்கள். அதில் கிடந்த தோல் இறுகிவிடும். "தோலையே இறுக்குது, பித்தளைய இறுக்காதா?" என்று ஆரம்பித்தார். பட்டையும் கடுக்காயும் போட்ட கஷாயம், அதில் மஞ்சள்தூள், துணியில் சலித்த தவிடு, ஊற்றுகிற நேரத்தில் ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. பித்தளையாவது இறுகுவதாவது என்று நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் கண்ணுக்கு முன்னால் ஒரு பஸ்ஸின் ஒழுகல் நின்றது. வெள்ளைக்கரு சூட்டில் வெந்து ஓட்டையில் கட்டிக்கொள்கிறது, தவிடு அதன் மேல் போய் அடைகிறது, அவ்வளவுதான் சங்கதி. ஆனால் நின்றது நின்றதுதான்.

அதன் பிறகு எனக்கு ஆரம்பித்தது சனியன்.

அவர் மருந்து ஓட்டையை மட்டும் அடைப்பதோடு நிற்காது. நல்ல குழலையும் சேர்த்து அடைக்கும். ரேடியேட்டருக்குள் ஈர்க்குச்சி கனத்தில் வரிசை வரிசையாகக் குழல்கள். அதில் தண்ணீர் ஓடினால்தான் எஞ்சின் சூடு ஆறும். இவர் மருந்து நாலு தடவை இறங்கிய ரேடியேட்டரை என்னிடம் கொண்டுவருவார்கள். திறந்தால் மஞ்சள் நிறத்தில் கெட்டிக் கூழ், முட்டை அழுகிய நாற்றம். கம்பியை விட்டு ஒவ்வொரு குழலாகக் குத்திக் குத்தி எடுப்பேன். எல்லாம் எடுத்துச் சுத்தம் செய்தால், அடைபட்டிருந்த பழைய ஓட்டைகள் எல்லாம் திறந்துகொண்டு ஒழுகும். வண்டிக்காரன் என்னைப் பார்த்துச் சொல்லுவான், "அண்ணன் ஊத்துனப்ப நல்லாத்தானப்பா இருந்துச்சு. நீ கழட்டினப்புறந்தான் ஒழுகுது."

இந்தப் பேச்சை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன்! அவர் மரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பெருமை காட்டாமல், அடக்கமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

"ஏண்ணே, ஓட்டை எங்க இருக்குன்னே பாக்காம அடைக்கிறீங்களே, இது என்னண்ணே வேலை?" என்று ஒரு நாள் சண்டைக்கே போனேன்.

"எங்க இருந்தா என்ன அப்பு? நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு. எம்புட்டு நாளைக்கு?"

"அத அப்பப் பாத்துக்கிருவோம். இப்ப ஒழுகுதுல்ல?"

அவரிடம் அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. இப்போது ஒழுகுகிறது, இப்போது நிற்க வேண்டும். நாளை என்பது அவருக்கு வேறு யாரோ ஒருவருடைய கடை. பெரும்பாலும் என் கடை.

டவுனில் ஒரு டாக்டர் புதுக் கார் வாங்கியிருந்தார். அவருடைய டிரைவர் டீ குடிக்க நிறுத்தினான். ரேடியேட்டரின் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குழாய் கீழே இறங்கும். தண்ணீர் கொதித்துப் பொங்கினால் அது வழியாக வெளியே போகட்டும் என்று வைத்தது. தண்ணீரை முட்ட முட்ட ஊற்றினால் அது செத்த நேரம் சொட்டும், பிறகு தானாக நின்றுவிடும். அன்றைக்குச் சொட்டியது. டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் இவர் போய் அந்தக் குழாய் வாயில் துணியைத் திணித்து, சவுக்காரத்தை அப்பி, மேலே சணலைக் கட்டிவிட்டார். கேட்காமலே. உபகாரமாக.

அந்தக் கார் மார்க்கெட்டைத் தாண்டவில்லை. ஆவி போக வழியில்லாமல் உள்ளே இருந்த ரப்பர் குழாய் வெடித்தது. என்னவோ ஆயிற்றென்று மூடியைத் தூக்கிப் பார்க்கப் போன டிரைவர் கையில் வெந்நீர் கொட்டியது. முழங்கை வரைக்கும் கொப்புளம்.

செய்தி வந்ததும் நான் அவரிடம் போனேன். "அண்ணே, அது ஒழுகுறதுக்குன்னே வச்ச குழாய்ண்ணே. அத அடைக்கலாமா?"

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். "ஒழுகுறதுக்குன்னு எவனாச்சும் குழாய் வைப்பானா தம்பி?"

"வைப்பான். வச்சிருக்கான். போய் டிரைவர் கையப் பாருங்க."

பார்த்தார். அன்றிலிருந்து அந்த டிரைவர் வீட்டுக்குத் தினமும் இளநீரும் வாழையிலையும் கொண்டுபோனார். அவன் மனைவி இவரைக் கண்டதும் அழ ஆரம்பிக்க, அது பொறுக்காமல் இளநீரை வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவார். கை ஆறுகிற வரைக்கும் அவர் சாப்பாட்டையே ஒழுங்காகத் தொடவில்லை என்று மதினி சொன்னார். கல் நெஞ்சுக்காரராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். ஒரேயடியாக வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அதற்கும் வழி விடவில்லை அவர்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் என் பேச்சைக் கேட்டார். வேடசந்தூர் நூற்பாலை வேன் ஒன்று வந்திருந்தது. இவர் மருந்தை ஊற்றினார். சொட்டு நிற்கவில்லை. வேனை நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தால் வேனுக்கு அடியில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. "பாத்தியா தம்பி!" என்று மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூவினார். டிரைவர் ஏறி எஞ்சினைக் கிளப்பப் போனான். எனக்கு என்னவோ சந்தேகம். போய் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டேன். குச்சி காய்ந்தபடியே வெளியே வந்தது.

"அண்ணே, அடைபடலண்ணே. உள்ள தண்ணியே இல்ல. ஒழுக ஒண்ணும் மிச்சமில்ல, அதான் நின்னிருக்கு."

அந்த நிலையில் எஞ்சினை ஓட்டியிருந்தால் ஊர் போய்ச் சேருவதற்குள் கருகி இறுகிப் போயிருக்கும். அவர் முகம் வெளிறிப்போனது. குச்சியை என் கையிலிருந்து வாங்கித் தடவிப் பார்த்தார். டிரைவர் கையில் வெந்நீர் கொட்டியபோதுகூட இப்படி அவர் ஆடிப்போகவில்லை. அன்று முதல் எந்த வண்டியில் ஒழுகல் நின்றாலும் அவர் முதலில் செய்வது மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்ப்பதுதான். விரல் நனைந்தால்தான் கையைத் தட்டிக்கொண்டு "சரியாப் போச்சு" என்பார்.

இனி அவருடைய மகள். ஒரே பிள்ளை. வேடசந்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வாடகைக் கார் வைத்து ஓட்டுகிறவன், பழைய கார். அது ஒழுகும், அதற்கு மருந்து வாங்க மாமனார் கடைக்கு வருவான், மாமனாருக்கு மாப்பிள்ளை வருகிறார் என்று சந்தோஷம். உட்காருவதற்கு நாற்காலியை என் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு போவார்.

கல்யாணம் ஆகி ஒரு வருடம் இருக்கும். காலை பஸ்ஸில் அந்தப் பெண் வந்து இறங்கினாள். இறங்கும்போதே அழுகை. இவர் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல, அழுவாத" என்று முகத்தைத் துடைத்துவிட்டார். டீக்கடையில் பூந்தி வாங்கிக் கொடுத்தார். கடைவீதிக்குக் கூட்டிப்போய் வளையலும் ஒரு சேலையும் எடுத்துக் கொடுத்தார். சாயங்கால பஸ்ஸில் பூவும் பழமுமாக ஏற்றிவிட்டார். பஸ் போனதும் என் பக்கம் திரும்பிக் கையைத் தட்டிக்கொண்டார்.

"சரியாப் போச்சு தம்பி."

வண்டிகளுக்குச் சொல்கிற அதே குரல்.

இரண்டாவது தடவை வந்தபோது அவள் மணிக்கட்டில் விரல் விரலாகக் கன்றிப் போயிருந்ததை மதினி பார்த்துவிட்டார். "பிள்ள கொஞ்ச நாள் இங்கன இருக்கட்டும்" என்று மதினி கெஞ்சியிருக்கிறார். ஆனால் வீட்டில் அந்தப் பெண் அழுதுகொண்டே இருந்தாள். அழுகை கேட்கிற வீட்டில் அவரால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. மறுநாளே அவரே கூட்டிக்கொண்டு போய் வேடசந்தூரில் விட்டுவிட்டு வந்தார். போகும்போது மாப்பிள்ளை காருக்கு ஒரு பாட்டில் மருந்தும் எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு நான் விடவில்லை.

"பிள்ள ஏன் அழுகுதுன்னு கேட்டீங்களாண்ணே?"

"கேட்டா இன்னும் அழுமே தம்பி."

"அழுகட்டுமே. என்ன நடக்குதுன்னு தெரிய வேணாமா?"

"நான் மாப்ளகிட்ட நயமாச் சொல்லிட்டு வந்திருக்கேன். இனிமே சரியா இருப்பாரு."

"என்னன்னே தெரியாம என்னத்தண்ணே சொன்னீங்க?"

அவர் மெதுவாகச் சொன்னார்: "அவ அழுதா எனக்கு நெஞ்சு தாங்கல தம்பி."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "உங்க நெஞ்சு நல்லா இருக்கணும்னு அவள அங்க அனுப்பி வைக்கிறீங்க. அம்புட்டுத்தான்."

அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் அவர் எழுந்துவிடுவார். அந்தக் கோபத்திலும் பாய்லர் குழாய் சொட்டினால் திரும்பி வந்து சணலைச் சுற்றிவிட்டுத்தான் போவார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். பேசாமல் இருந்த அந்த நாட்களில் எனக்கும் வேலை ஓடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சண்டை போட ஆளில்லாமல் அந்தப் புளியமர நிழலே பிடிக்கவில்லை.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். பையில்லை, ஒன்றுமில்லை. நடந்து வந்து, அப்பா கடையில் கவிழ்த்துப் போட்டிருந்த தகர டின் மேல் உட்கார்ந்தாள். இவர் வழக்கம் போலத் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். துடைக்கக் கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். துடைக்க ஒன்றும் இல்லை.

"வாம்மா. பூந்தி வாங்கியாரவா?"

"வேணாம்ப்பா."

"தண்ணியாச்சும் குடிக்கிறியா?"

"வேணாம்ப்பா. செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

"போறியா? எங்க?"

"எங்கயாச்சும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போல. அவள் கண் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரோட்டில் ஒன்றும் இல்லை.

அவர் துண்டோடு மரத்தைச் சுற்றி என் கடைக்கு வந்தார். எத்தனையோ நாள் கழித்து என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, பிள்ள அழுகலப்பா."

நான் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தேன். அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது. அந்த நூற்பாலை வேனுக்கு முன்னால் நின்றபோது இருந்த முகம் அது.

திரும்பிப் போய், அத்தனை உயரமான மனிதர், மகள் காலுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். துண்டைத் தூரமாகப் போட்டார்.

"என்னம்மா நடந்துச்சு? முதல்லருந்து சொல்லு. அப்பா எந்திரிக்க மாட்டேன்."

அவள் பேச ஆரம்பித்தாள். எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது என்று என் கடைத் தட்டியை இழுத்துவிட்டேன். மருந்துக்காக நின்ற ஒரு லாரிக்காரனை நானே போய் அப்புறம் வா என்று அனுப்பிவைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் அழுகிற சத்தம் வந்தது. தெருவே திரும்பிப் பார்க்கிற அழுகை. தட்டி இடுக்கில் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துவிடக் கை தானாக எழுந்துவிடும் என்று அவருக்குப் பயம். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் கையை எடுக்கவே இல்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், நானும் அழுதேன்.

அந்தப் பெண் வீட்டிலேயே இருந்தாள். பத்துப் பதினைந்து நாள் கழித்து மாப்பிள்ளை வந்தான், அந்தக் காரிலேயே. புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்கினான். கார் மூக்கிலிருந்து ஆவி. அடியில் சொட்டு. சொட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, நூலாக இறங்கியது.

"மாமா, நல்லாருக்கீகளா? வண்டி வேற வழியெல்லாம் ஒழுகுது. செத்த மருந்த ஊத்துங்க. அப்படியே அவளையும் கிளம்பச் சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன்."

எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தான். நானும் பார்த்தேன். அந்த மனிதருக்கு முன்னால் ஒன்று ஒழுகி, அவர் எழாமல் இருந்ததை எங்களில் யாரும் பார்த்ததில்லை. அவர் மருந்துப் பாட்டில் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

அவர் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் தொடைக்கு அடியில்.

"கோவத்துல ஏதோ நடந்துபோச்சு மாமா. வீடுன்னா இருக்கிறதுதான. நீங்க சொன்னா அவ கேப்பா." மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே பேசினான். புழுதியில் தண்ணீர் ஓடி அவர் செருப்பு வரைக்கும் வந்துவிட்டது. அவர் கால் விரல்கள் சுருங்கின. அவர் கண் அந்தத் தண்ணீரை விட்டு நகரவில்லை.

"என்ன மாமா, பாத்துக்கிட்டே இருக்கீக? ஒழுகுதுல்ல?"

"ஒழுகட்டும்" என்றார் அவர்.

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. அவன் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்களாச்சும்…" என்று ஆரம்பித்தான். எனக்குக் கை நிறைய வேலை கிடக்கிறது என்றேன். என் கடையில் அன்றைக்கு ஒரு வண்டியும் இல்லை.

கொஞ்ச நேரம் சத்தம் போட்டான். இன்னார் வீட்டுப் பிள்ளை என்றான், ஊரைக் கூட்டுவேன் என்றான். கடைசியில் கதவை அறைந்து சாத்திக்கொண்டு, வந்த வழியே வண்டியைத் திருப்பினான். ரோட்டில் தண்ணீர்க் கோடு ஒன்று வளைவு வரைக்கும் போயிற்று.

அது வெயிலில் காய்கிற வரைக்கும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொறுக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வேடசந்தூர் வரைக்கும் தாங்குமா அது?"

"பாதி வழியிலயே நின்னுரும், தாடிக்கொம்பு தாண்டாதுண்ணே."

"தாண்டாதுல்ல?" என்றார். பெருமூச்சு விட்டார். அப்புறமும் எழவில்லை.